இந்த மாதம் பிடிபட வேண்டியவள்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் எனக்கு ஒரு தடவை தண்டனை கிடைத்திருக்கிறது. மலையில் விறகு வெட்டியதற்காக அபராதம், அதோடு கோர்ட் கலையும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற உத்தரவு. உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ராஜபாளையத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அரிவாள் பிடித்து ஒரு குச்சிகூட வெட்டியதில்லை. வெட்டுகிறவள் அம்மா. அவளும் அந்த வாரம் வெட்டவில்லை, காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். இது எப்படி நடந்தது என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் மலையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு போகிற பக்கம். ஊருக்கு மேற்கே, எல்லா வீடுகளும் முடிந்த பிறகு ஒரு வெற்றிடம் விட்டு எங்கள் தெரு. தெருவின் தலையில் சிறிய சர்ச். ஊர்க்காரர்கள் எங்களைத் தள்ளி வைத்ததில் கிடைத்த ஒரே லாபம், மலைக்கு நடக்கிற தூரம் குறைந்ததுதான். கண்மாய் நிறைந்தால் ஊர்க்காரர்களின் வயலில் நடவும் களையெடுப்பும் இருக்கும். இல்லாத மாதங்களில் பெண்கள் மலைக்குப் போவார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில், நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, அதை யாரும் குற்றம் என்று சொன்னதில்லை. விடிவதற்கு முன் போய் மத்தியானம் சுமையோடு இறங்குவார்கள். மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்தே கொண்டுபோய், டீக்கடைகளிலும் பால்கோவா போடுகிற வீடுகளிலும் இறக்குவார்கள். பால் சுண்டச் சுண்டக் கிண்டுவதற்கு நின்று எரிகிற விறகு வேண்டும். கோயிலுக்கு வந்தவர்கள் வாங்கிப்போன பால்கோவாவில் எங்கள் மலையும் கொஞ்சம் இருந்தது.

நாங்கள் ஒன்றும் புண்ணியவதிகள் இல்லை. முதலில் காய்ந்த சுள்ளிதான் பொறுக்கினார்கள். காய்ந்தது தீர்ந்ததும் பச்சைக் கிளையை வெட்டிப் போட்டுவிட்டு வருவார்கள், அடுத்த வாரம் அது காய்ந்த விறகாகிவிடும். பக்கத்துச் சரிவு மொட்டையானதில் எங்கள் தெருவுக்குப் பங்கு உண்டு. இதை மறைத்துப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஆனால் சுமை தலையில்தான் வந்தது. லாரியில் வந்தது வேறு. அடிவாரத்து மேட்டு நிலங்களை ராஜபாளையத்துக்காரர் ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி மாந்தோப்பு போட்டார். நின்ற மரங்களையெல்லாம் எடுத்தார். பட்டா நிலத்து மரம், பர்மிட் உண்டு. லாரி பகலிலேயே போனது. பிறகு தோப்புக்குத் தண்ணீர் எடுக்க ஓடையோரம் ஒரு போர் போட்டார், அது போதாமல் இன்னொன்று. பங்குனி வரைக்கும் கசிந்துகொண்டிருந்த ஓடை தை மாதமே வறண்டது. மொட்டைச் சரிவிலிருந்து மழைக்கு மண் இறங்கிக் கண்மாய் மேடானது. கண்மாய் மேடானதால் வயல் குறைந்தது. வயல் குறைந்ததால் களையெடுக்கிற வேலை போனது. வேலை போனதால் முன்பு மலைக்குப் போகாத பெண்களும் அரிவாளை எடுத்தார்கள். சரிவு இன்னும் மொட்டையானது. வறண்ட கண்மாயில் சீமைக்கருவேலம் காடாக மண்டியபோது, விறகு அங்கேயே கிடைக்குமே என்று எங்கள் தெரு சந்தோஷப்பட்டது. அதை ஏலம் விட்டுவிட்டார்கள். ஏலம் எடுத்தவர் காவலுக்கு ஆள் போட்டார்.

எண்பதுகளின் கடைசியில் மலை சரணாலயமானது. சாம்பல் நிற மலையணிலைக் காப்பாற்ற என்றார்கள். அணில் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நான் அதை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். தோப்பில் மாங்காய் தின்றுகொண்டிருந்தது, தோப்பு ஆட்கள் வெடி போட்டு விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

சட்டம் வந்ததும் கார்டு வந்தார். காட்டுக் காவலரை எங்கள் தெருவில் அப்படித்தான் சொல்வோம். ஐம்பதை நெருங்கியவர், சைக்கிளில் வருவார். முதல் சில மாதம் பெண்களைத் துரத்திப் பார்த்தார். அவர் ஒருத்தியைப் பிடிப்பதற்குள் பதினைந்து பேர் சிதறிவிடுவார்கள். ஒரு நாள் சாயங்காலம் தெருவுக்கே வந்து சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டுப் பேசினார்.

"மாசம் நாலு கேசு காட்டலைன்னா எனக்கு மெமோ வருது. ஓடிப் பிடிக்க எனக்கு மூட்டு சரியில்ல. ஓடுறதுக்கு ஒங்களுக்கும் தலையில சுமை. யாரு வாரீகன்னு நீங்களே பேசிச் சொல்லிருங்க. நான் பாட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்."

தெரு அதைப் பற்றி இரண்டு நாள் பேசியது. கிணற்றுத் தண்ணீருக்கு முறை வைத்தவர்கள், சர்ச் கூட்டுவதற்கு முறை வைத்தவர்கள், பிடிபடுவதற்கும் முறை வைத்தார்கள். மாதத்துக்கு நான்கு பேர். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கும் கைப்பிள்ளைக்காரிக்கும் சாவு விழுந்த வீட்டுக்கும் விலக்கு. அபராதம் எல்லோருக்கும் பொது. கோர்ட்டுக்குப் போகிறவள் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிய ஆளுக்கு ஒரு கை விறகு போட வேண்டும். முறைக்காரிக்கு உடம்பு முடியாவிட்டால் வேறொருத்தி போகலாம், ஆனால் முறைக்காரியின் பெயரைத்தான் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் முறை கழிந்த கணக்கு. குற்றம் அந்த அளவுக்கு நியாயமாகப் பங்கிடப்பட்டதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

முறையை நடத்தியவள் என் சித்தி, அம்மாவின் தங்கை. அடுத்த வீடு. வாய் நீளம், கொடுக்கிற கை அதைவிட நீளம். வீட்டுச் சுவரில் ஒவ்வொருத்திக்கும் ஓர் இடம் ஒதுக்கிக் கரிக்கோடு போட்டு வைத்திருந்தாள். எழுதத் தெரியாது, ஆனால் எந்தக் கோடு யாருடையது என்பதில் ஒரு நாளும் தப்பு வந்ததில்லை. விலக்குகள் கூடிப்போய் ஆள் குறைகிற மாதங்களில் அவளே தன் பெயரில் இன்னொரு தடவை போய் நிற்பாள். "எனக்கென்ன, பிள்ளையா குட்டியா? கோர்ட்டுல ஃபேனுக்கு அடியில செத்த நேரம் உக்காந்துட்டு வாரேன்" என்பாள். பிள்ளை இல்லாதவள் என்று நாலு பேர் சொல்வதற்குள் தானே சொல்லிவிடுவது அவள் வழக்கம்.

பிடிபட வேண்டியவள் காலையிலேயே குளித்து, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொள்வாள். ஒரு சுமையும் அரிவாளுமாகப் போய் ஓடையோரத்துப் பாறை மேல் உட்கார்ந்திருப்பாள். கார்டு வந்து பிடிப்பார்.

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது அவள் முறை மாதத்தில். சித்தி அதற்கு முந்தின மாதம்தான் போயிருந்தாள். ஒரே முகம் அடுத்தடுத்து வந்தால் நன்றாக இருக்காது என்று கார்டு சொல்லிவிட்டார். எனக்குக் கல்லூரி லீவு. நான் போகிறேன் என்றேன். கொஞ்சம் வேடிக்கை பார்க்கும் ஆசையும் இருந்தது.

"ஏட்டி, ஒண்ணே ஒண்ணுதான். பேரு கேட்டா ஒங்கம்மா பேரச் சொல்லு. பொறவு வாயத் தொறக்காத" என்றாள் சித்தி. மூன்று தடவை சொன்னாள்.

கோர்ட்டில் வரிசையில் நின்றோம். பெயர் கேட்டார்கள். நான் என் பெயரைச் சொன்னேன். இனிஷியலோடு, தெளிவாக, கல்லூரியில் ஆஜர் எடுக்கும்போது சொல்வது மாதிரி. ஏன் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஞாயிற்றுப் பள்ளியில் பத்துக் கட்டளைகளைத் தப்பில்லாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான், அது ஒரு காரணம். இன்னொன்று, எங்கள் தெருவில் முழுப் பெயரை யாராவது கேட்டு எழுதிக்கொள்வது அபூர்வம். கேட்டதும் எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கக்கேடான காரணம்தான், ஆனால் அதுதான் உண்மை. எழுதிக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற மூன்று பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். "படிச்ச மூதி! எம்புட்டுத் தடவ சொன்னேன்? ஒம் பேரு கெட்டுப்போச்சு, ஒங்கம்மா முறையும் கழியல!" அம்மா காய்ச்சலிலும் எழுந்து உட்கார்ந்து அழுதாள். நான் சிரித்தேன். ஒரு விறகுக் கேஸ் என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து அரசுப் பரீட்சையில் தேறினேன். தட்டச்சர் வேலை. எங்கள் தெருவில் முதல் சர்க்கார் சம்பளம். பாதிரியார் ஜெபத்தில் என் பெயரைச் சொன்னார். சேருவதற்கு முன் நிரப்ப வேண்டிய தாளில் ஒரு கேள்வி இருந்தது: எந்த வழக்கிலாவது தண்டனை பெற்றதுண்டா? அதற்குக் கீழேயே, பொய்த் தகவல் தந்தால் வேலை நீக்கம் என்று அச்சடித்திருந்தது. சித்தியிடம் வாசித்துக் காட்டினேன்.

"இல்லன்னு எழுது" என்றாள்.

எழுதினேன். கோர்ட்டில் வராத பொய் இதில் சுலபமாக வந்துவிட்டது.

வேலைக்காக என்னைப் பற்றி விசாரிக்க வந்த போலீஸ்காரர் நேராக எங்கள் தெருவுக்கு வரவில்லை. வருகிறவர்கள் யாரும் முதலில் எங்கள் தெருவுக்கு வருவதில்லை. மாந்தோப்பு மோட்டார் அறையில், நிழலில், கட்டில் போட்டு உட்கார்ந்தார். தோப்புக்காரர் அன்று ஜீப்பில் வந்திருந்தார். இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, "நல்ல பொண்ணுதான். விறகுக் கேசு ஒண்ணு இருந்துச்சுல்லா அது மேல?" என்றாராம். கெடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை, நினைவுக்கு வந்தது, சொன்னார். அவர் எடுத்த மரங்களைப் பற்றி யாருக்கும் எதுவும் நினைவுக்கு வராது, ஏனென்றால் அதற்கு விண்ணப்பம் இருந்தது. மலையை விட்டு மரம் இறங்கியது இரண்டு வழியிலும்தான். ஒரு வழிக்குப் பெயர் அனுமதி, ஒரு வழிக்குப் பெயர் குற்றம்.

போலீஸ்காரர் தெருவுக்கு வந்து என் பெயரைச் சொல்லிக் கேட்டார். வேலை போனது என்றே முடிவு செய்துவிட்டேன். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சித்தி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அன்னைக்குக் கோர்ட்டுக்குப் போனது நாந்தான்யா. எம்பேரச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. வாயில வந்தது அக்கா மக பேரு, சொல்லிட்டேன். அவ காலேசுல இருந்தா. பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

போலீஸ்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. கார்டைக் கூப்பிட்டுக் கேட்டார். கார்டு என்னையும் சித்தியையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரக் கூட்டிட்டுப் போனேன்னு ஞாபகம் இல்ல சார். இவுக எல்லாம் ஒரே மூஞ்சியாத்தான் தெரியும்" என்றார். எங்களை யாரும் அவ்வளவு கேவலமாகவும் அவ்வளவு உதவியாகவும் பேசியதில்லை. வாக்குமூலம் எழுதி சித்தியிடம் கைரேகை வாங்கினார்கள். அதன் நகல் கார்டின் பதிவேட்டுக்கும் போனது. சித்தியின் பெயருக்கு எதிரே ஒரு கேஸ் கூடியது, பெயர் மாற்றிச் சொன்னவள் என்று ஒரு குறிப்பும் சேர்ந்தது. எனக்கு வேலை கிடைத்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆபீஸ். எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். மலை சம்பந்தப்பட்ட காகிதங்களும் எங்கள் மேஜைக்கு வரும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கினேன், சிலிண்டர் அடுப்பு வாங்கினேன். அம்மா மலைக்குப் போவதை நிறுத்தினாள். சித்தி நிறுத்தவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் தூரத்திலிருந்து பார்த்தால் சரிவு மறுபடியும் பச்சையாகத் தெரிந்தது. கிட்டப் போனால் பாதிக்கு மேல் விறகுக்கு ஆகாத உண்ணிச்செடி. விறகுக்கு இன்னும் இரண்டு மைல் மேலே ஏற வேண்டியிருந்தது. ஏறினார்கள். முறையும் நடந்தது.

பிறகு ஒரு திட்டம் வந்தது. மலையை நம்பிப் பிழைக்கும் பெண்களுக்கு, இனி மலைக்குப் போகமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால், கறவை மாடும் அடுப்பும். நல்ல திட்டம்தான், இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: மூன்று வழக்குக்கு மேல் உள்ளவர்கள் தொடர் குற்றவாளிகள், அவர்களுக்குக் கிடையாது. முறை வைத்து எல்லோருக்காகவும் பிடிபட்டவர்களை இப்படித் தனியாகப் பிரித்துவிடலாம் என்பது கரிக்கோடு போட்டவளுக்குத் தெரியாது. தோப்பில் வேலை பார்த்துக்கொண்டு எப்போதாவது மலைக்குப் போனவர்களின் பெயர் சுத்தமாக இருந்தது. அம்மாவுக்குச் சரியாக மூன்று. நான்காவதாக வந்திருக்க வேண்டியது முதலில் என் பெயரில் போய், பிறகு சித்தியின் பெயரில் ஏறியிருந்தது.

பட்டியலை டைப் அடித்தவள் நான். மேலதிகாரி பதிவேட்டைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இந்தப் பொம்பள பேரு ஒன்பது தடவை வருது. ஆள் மாறாட்டம் வேற. இவங்களாலதான் காடு அழியுது. ஒங்க ஊருப் பக்கந்தானம்மா, தெரியுமா?"

"தெரியாது சார்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. தெரியும் என்றால் அடுத்த கேள்வி, அந்த மாறாட்டம் யாருடைய பெயரில் என்பதாக இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். பைபிளில் வருகிற மாதிரி சேவல் எதுவும் கூவவில்லை. தலைக்கு மேலே ஃபேன்தான் ஓடியது. அவர் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். அந்தப் பெயரை விட்டுவிட்டு அடுத்த பெயரை அடித்தேன்.

நான்கு நாள் கழித்து, பட்டியல் வெளியில் ஒட்டிய பிறகு, சித்தி ஆபீசுக்கு வந்தாள். நல்ல சேலை, கோர்ட்டுக்குக் கட்டுகிற அதே சேலை. வராந்தாவில் பியூனிடம் ஏதோ கேட்டுவிட்டு உள்ளே வந்தாள். அறையில் மேலதிகாரி இருந்தார், இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். சித்தி என்று கூப்பிட வாய் எழவில்லை. அவள் என் மேஜைக்கு முன்னால் வந்து, என் முகத்தைப் பார்க்காமல், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, மாட்டு லிஸ்டுல எம்பேரு இருக்கான்னு பாத்துச் சொல்லுங்கம்மா. எனக்கு வாசிக்கத் தெரியாது."

மேலதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"பேரு?" என்று கேட்டேன்.

சித்தி தன் பெயரைச் சொன்னாள். நான் பட்டியலை எடுத்து, நானே அடித்த பெயர்களின் மேல் விரலை வைத்து, மேலிருந்து கீழ்வரை தேடினேன். எங்கே இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கடைசி வரி வரைக்கும் விரலை நகர்த்தினேன்.

"இல்லை" என்றேன்.

"சரிங்கம்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அவமானத்தில் அவள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராக எங்கள் வீட்டுக்குள் போய்விட்டேன். சித்தி அங்கேதான் இருந்தாள். அம்மாவுக்கு வரப்போகும் மாட்டுக்குக் கொட்டகை போட இரண்டு பேருமாகக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தாள்.

"ஏட்டி, அன்னைக்கு நான் எப்படி நின்னேன்? அவிய யாருக்காவது சந்தேகம் வந்துச்சா? தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கிட்டா ஒனக்கு ஆகாதுன்னு பஸ்ஸுல வரும்போதே யோசிச்சு வச்சுக்கிட்டேன். நீயும் நல்லாத்தான் கேட்ட, பேரு என்னன்னு. அசந்துட்டேன்."

அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் வருவதற்கு நான்கு நாள் முன்பே, யாரும் நடிக்கச் சொல்லாமல், நான் அவளைத் தெரியாது என்று சொல்லிவிட்டிருந்தேன். அதை அவளிடம் அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. மண்வெட்டியை வாங்கி மிச்சக் குழியைத் தோண்டினேன்.